‘பேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை வேரறிந்து தமிழாக்குவது எப்படி?

தீவிரமான உணர்ச்சியைக் குறிக்கும் ‘பேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பெயர்க்க உட்காருபவர் முதலில் செய்ய வேண்டியது, ‘பேரார்வம்’ என்ற சொல்லைச் சற்று நேரம் எட்டி வைப்பதுதான். அது தவறான சொல் அன்று. ஆனால் எண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு சொல்லின் கடைசிப் பருவத்தை மட்டுமே அது காட்டுகிறது. அதைக் கொண்டே எல்லா இடத்தையும் நிரப்பினால் பழைய நூல்களில் வரும் துன்பமும் கோபமும் நோயும் காதலும் ஒரே நிறத்தில் வெளுத்துப் போகும்.

உடைநாகரிகத்தைக் குறிக்கும் ‘ஃபேஷன்’ வேறு சொல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ‘செய்தல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நாம் பார்க்கப் போகும் ‘பேஷன்’ அதற்கு நேர் எதிராக, ‘படுதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழ்ச் செவிக்கு ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கும் இவ்விரண்டில் ஒன்று செய்பவனுடைய சொல், மற்றொன்று பட்டவனுடைய சொல்.

அந்த லத்தீன் வினை ‘பத்தியோர்’. துன்புறுதல், தாங்குதல், வெளியிலிருந்து தன்மேல் வந்து நேர்வதற்கு ஆட்படுதல் என்பவை அதன் பொருள்கள். அதன் வழிவந்த பெயர்ச்சொல்லான ‘பஸ்ஸியோ’, பிரெஞ்சு மொழியின் ஊடாக, 1200ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அன்று அதன் பொருள் காதலும் அன்று, ஆர்வமும் அன்று. இயேசு சிலுவையில் பட்ட துன்பம் என்பதே. மருத்துவமனையில் நாம் நாள்தோறும் சொல்லும் ‘பேஷண்ட்’ என்ற சொல்லும், பொறுமையைக் குறிக்கும் ‘பேஷன்ஸ்’ என்ற சொல்லும், இலக்கண வகுப்பில் கேட்கும் ‘பேஸிவ்’ என்ற சொல்லும் இதே வினையின் பிள்ளைகள். நோயாளி துன்பம் படுபவர். பொறுமையுள்ளவர் படுவதைத் தாங்குபவர். ‘பேஸிவ் வாய்ஸ்’ என்பது எழுவாய் செயலைச் செய்யாமல் செயலுக்கு ஆட்படும் வாக்கியம்.

இங்கே தமிழர்களுக்கு வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி கிடைக்கிறது. ‘பேஸிவ் வாய்ஸ்’ என்பதை நாம் செயப்பாட்டுவினை என்கிறோம். அந்தச் சொல்லின் நடுவில் இருக்கும் ‘பாடு’, ‘படு’ என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு பெயராகிய வடிவம். கெடு என்பது கேடு ஆவதும் சுடு என்பது சூடு ஆவதும் போல, இலக்கணம் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று அழைக்கும். இந்தப் ‘படு’ நம் மொழியில் மூன்று வேலைகளைச் செய்கிறது. துன்பத்தைச் சொல்கிறது: அவன் பட்ட பாடு. செயப்பாட்டுவினையை ஆக்குகிறது: கட்டப்பட்டது, சொல்லப்பட்டது. உணர்ச்சிகளையும் வினையாக்குகிறது: ஆசைப்பட்டாள், கோபப்பட்டார், வெட்கப்பட்டான், கவலைப்பட்டோம், பொறாமைப்பட்டார்கள். துன்பம், செயப்பாடு, உணர்ச்சி ஆகிய இந்த மூன்றையும்தான் லத்தீன் ‘பத்தியோர்’ வினையின் குடும்பமும் சுமக்கிறது. இரண்டு மொழிகளுக்கும் இடையே உறவு இருப்பதாக யாரும் இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. ‘பத்தியோர்’ வேறு, ‘படு’ வேறு. மனிதனுக்கு உணர்ச்சி என்பது தான் செய்வதாக அல்லாமல் தனக்கு நேர்வதாகவே தோன்றியிருக்கிறது என்பதை இரு மொழிகளும் தனித்தனியே கண்டுகொண்டன, அவ்வளவே.

இந்தப் பொருத்தத்தை நமக்கு முன்பே பிடித்துக்கொண்டவர்கள் கிறிஸ்தவத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள். கத்தோலிக்கர்கள் சொல்லும் விசுவாச அறிக்கையில் லத்தீன் மூலம் ‘பஸ்ஸுஸ்’ என்று சொல்லும் இடத்தில் தமிழ், ‘பாடுபட்டு’ என்கிறது. இயேசுவின் துன்பங்களுக்குப் ‘பாடுகள்’, ‘திருப்பாடுகள்’ என்ற பெயர்கள் நிலைத்துவிட்டன. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் அப்போஸ்தலர் பணியின் முதல் அதிகாரத்தில் ‘பேஷன்’ என்று எழுதும் இடத்தில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘அவர் பாடுபட்டபின்பு’ என்று எழுதுகிறது. அதைவிட எனக்கு வியப்பூட்டுவது அதே நூலின் பதினான்காம் அதிகாரம். லிஸ்திரா நகர மக்கள் தங்களைக் கடவுளர் என்று எண்ணிப் பலியிட வரும்போது, இயேசுவின் செய்தியைப் பரப்ப வந்த பவுலும் பர்னபாவும் தாங்களும் அவர்களைப் போன்ற உணர்ச்சிகள் உடைய மனிதர்களே என்று கதறுகிறார்கள். ஆங்கிலம் அங்கே ‘பேஷன்ஸ்’ என்று பன்மையில் சொல்கிறது. தமிழ், ‘உங்களைப்போலப் பாடுள்ள மனுஷர்’ என்கிறது. பசியும் பயமும் வலியும் ஆசையும் வந்து மோதக்கூடிய உடம்பும் மனமும் உடையவர்கள் என்பதை ‘பாடுள்ள’ என்ற ஒரே சொல்லில் அடக்கிய அந்த மொழிபெயர்ப்பாளரின் கூர்மையை மொழிபெயர்ப்புப் பயில்பவர் ஒவ்வொருவரும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

வேரைப் பிடித்த பிறகு செய்ய வேண்டியது, கையில் இருக்கும் நூலின் காலத்தைப் பார்ப்பது. ‘பேஷன்’ என்ற சொல்லுக்கு ஆண்டு தெரியாமல் பொருள் சொல்ல இயலாது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது கடுமையான மனவெழுச்சியைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. நோயைக் குறிப்பதும் அக்காலத்திலேயே உண்டு. உடல்சார்ந்த காதல் என்ற பொருள் 1580களில் தெரிகிறது. ஒரு பொருளின்மீதோ கலையின்மீதோ கொண்ட பெருவிருப்பம் என்ற பொருள் 1630களில்தான் வருகிறது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியைத் திறந்தால், வெளியிலிருந்து வரும் ஆற்றலால் ஏற்படும் விளைவு என்பதையே முதல் பொருளாக அவர் வைத்திருப்பதைக் காணலாம். மனத்தின் கொந்தளிப்பு, கோபம், ஊக்கம், காதல் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன. ஆகவே 18ஆம் நூற்றாண்டு வரையிலான எந்த நூலிலும் இந்தச் சொல் எதிர்ப்பட்டால், ‘இவருக்கு என்ன நேர்கிறது?’ என்று கேளுங்கள். ‘இவர் எதை விரும்புகிறார்?’ என்ற கேள்வி இரண்டாவதாக வரட்டும்.

மெய்யியல் நூல்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகத் தேவைப்படும். கிரேக்கர்கள் மனத்துக்கு நேர்வதைப் ‘பாத்தொஸ்’ என்றார்கள். அதை லத்தீனில் எப்படிச் சொல்வது என்பதில் ரோமானியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. சிசரோ அதை மனக்கலக்கம் என்று பொருள்படும் சொல்லால் பெயர்த்தார் என்றும், அபுலேயஸ் போன்றோர் கிரேக்கத்துக்கு நெருக்கமாகப் ‘பஸ்ஸியோ’ என்றார்கள் என்றும் புனித அகுஸ்தீனார் தம் ‘கடவுளின் நகரம்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் குறித்திருக்கிறார். (பாத்தொஸும் பஸ்ஸியோவும் ஒலியில் ஒத்திருப்பதால் ஒரே வேரைச் சேர்ந்தவை என்று பலரும் எழுதிவிடுகிறார்கள், மொழியியலாளர்கள் அவற்றுக்குத் தனித்தனி வேர்களையே காட்டுகிறார்கள்.) பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்த் 1649இல் வெளியிட்ட தம் நூலுக்கு ‘ஆன்மாவின் பேஷன்கள்’ என்று பொருள்படப் பெயர் வைத்து, வியப்பு, அன்பு, வெறுப்பு, ஆசை, மகிழ்ச்சி, துயரம் என்ற ஆறையும் அடிப்படையானவை என்றார். ஒன்றுக்குச் செயலாக இருப்பது மற்றொன்றுக்குப் படுதலாக இருக்கிறது என்ற கருத்தோடுதான் அந்த நூலே தொடங்குகிறது. அங்கே பேரார்வம் என்றோ வேட்கை என்றோ எழுதினால் ஆசை ஒன்று மட்டும் உயர்ந்து நின்று, வியப்பும் துயரமும் இடமின்றித் தவிக்கும். டேவிட் ஹியூம் 1739–40இல் வெளியிட்ட நூலில், பகுத்தறிவு பேஷன்களுக்கு அடிமையாக இருக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்று எழுதியபோது, அவர் வெறியைப் பற்றியோ மோகத்தைப் பற்றியோ பேசவில்லை. மனித மனத்தின் எல்லா உணர்ச்சிகளையும் பற்றிப் பேசினார். இவ்வகை நூல்களில் பன்மையில் வரும் சொல்லுக்கு ‘உணர்ச்சிகள்’ என்பதே பாதுகாப்பானது. நூலின் நடை பழமையானதாக இருந்தால் ‘மெய்ப்பாடுகள்’ என்பதைத் துணிந்து எடுத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எண்ணும் எட்டும் மெய்ப்பாடுகளே. அந்தச் சொல்லின் வாலிலும் அதே ‘பாடு’ அமர்ந்திருக்கிறது. எனினும் மெய்ப்பாடு என்பது உடம்பில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்ச்சி. டெக்கார்த்தும் ஹியூமும் பேசுவது உள்ளே நேர்வதைப் பற்றி. அந்த இடைவெளியை ஒரு குறிப்பிலாவது சொல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

கோபம் என்ற பொருளைத் தனியாக எச்சரிக்க வேண்டும். ஏனெனில் அகராதியில் அது நடுவில் ஒளிந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கதை ஒன்றைத் தமிழாக்கியபோது, முதியவர் ஒருவர் ‘இன் அ பேஷன்’ எழுந்து நின்றார் என்ற வரியை, ஆசை மேலிட எழுந்தார் என்று எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்த்த நண்பர், முந்தைய பக்கத்தில்தானே, வேலைக்காரச் சிறுவன் மையைக் கொட்டியதற்காக அவர் கத்துகிறார் என்று காட்டினார். அந்தத் தொடருக்குப் பொருள் சினம் மட்டுமே. அன்றிலிருந்து நான் பின்பற்றும் வழி ஒன்றுண்டு: சொல்லுக்கு முன்னும் பின்னும் நிற்கும் சிறு சொற்களை முதலில் பார்ப்பேன். ‘இன் அ’ என்று முன்னால் வந்தால் கோபம். ‘ஃபார்’ என்று பின்னால் வந்தால் ஒன்றின்மீது கொண்ட ஈடுபாடு. ‘தி’ என்ற சுட்டும் பெரிய எழுத்தும் சேர்ந்து வந்தால் இயேசுவின் பாடுகள். ‘தி’ என்ற சுட்டோடு சிறிய எழுத்தில் பன்மையாக வந்தால் மனித உணர்ச்சிகள். இது எல்லா இடத்திலும் பலிக்கும் சூத்திரம் அன்று. ஆனால் பத்தில் பல இடங்களில் முதல் திசையைக் காட்டிவிடும்.

சட்டத் தமிழில் வேலை செய்பவர்களுக்கும் இந்தக் கோபப் பொருள் தேவைப்படும். 2024 வரை நடைமுறையில் இருந்த, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில், எந்த நிலையில் செய்த கொலை கொலைக்குற்றம் ஆகாது என்று சொல்லும் நான்காம் விலக்கில், திடீரென எழுந்த சச்சரவில் ‘ஹீட் ஆஃப் பேஷன்’ என்ற தொடர் வருகிறது. முன்கூட்டித் திட்டமிடாமல், சண்டையின் நடுவில் பொங்கிய ஆத்திரம் என்பது அங்கே கருத்து. ‘ஆத்திர வேகத்தில்’ என்று எழுதினால் நீதிமன்றத்தில் நிற்பவருக்கும் விளங்கும். ‘உணர்ச்சி வெப்பத்தில்’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் யாருக்கும் விளங்காது.

நோய்ப் பொருள் இன்று வழக்கிழந்துவிட்டது என்றாலும் ஷேக்ஸ்பியரைப் படிப்பவர் அதைச் சந்தித்தே தீர வேண்டும். லியர் அரசன் தன் நெஞ்சை நோக்கி மேலேறி வரும் அடைப்பை ‘ஹிஸ்டெரிகா பஸ்ஸியோ’ என்று நோய்ப்பெயர் சொல்லி அழைத்து, கீழே இறங்கு என்று அதட்டுகிறான். தமிழில் இதற்கு இணை தேடி நான் வெகுதூரம் போகவில்லை. பெண்களுக்கு நேரும் மிகுதியான உதிரப்போக்கைச் சித்த மருத்துவம் ‘பெரும்பாடு’ என்று அழைக்கிறது. ஆங்கிலத்தின் பழைய மருத்துவர்கள் ‘பேஷன்’ என்று சொன்னதும் நம் மருத்துவர்கள் ‘பாடு’ என்று சொன்னதும் ஒரே எண்ணத்திலிருந்துதான்.

காதலுக்கு வருவோம். இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் அவசரப்பட்டுக் ‘காமவெறி’ என்றோ ‘மோகம்’ என்றோ எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலக் கவிஞர்கள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சொல்லைக் காதலுக்கு எடுத்தபோது, அதனோடு துன்பமும் சேர்ந்தே வந்தது. காதலிப்பவர் காதலால் வதைபடுபவர் என்பதே அந்தச் சொல்லின் உள்ளுறை. தமிழ் அகமரபில் இதற்கு ஆயத்தமாக இரண்டு சொற்கள் காத்திருக்கின்றன. ஒன்று வேட்கை. தொல்காப்பியத்தின் களவியல், காதலின் நிலைகளை வேட்கையில் தொடங்கிச் சாக்காட்டில் முடிக்கிறது; நினைத்தல், மெலிதல், மறத்தல், மயக்கம் எல்லாம் இடையில் வருகின்றன. இன்னொன்று நோய். அவளுடைய கண்ணில் இரண்டு பார்வைகள் உள்ளன, ஒன்று நோய் தரும் பார்வை, மற்றொன்று அந்நோய்க்கு மருந்து என்ற வள்ளுவரின் 1091ஆம் குறளை நினைத்துக்கொண்டால், பேஷனும் பேஷண்டும் எப்படி ஒரே குடும்பம் ஆயின என்பதற்கு வேறு விளக்கமே வேண்டியதில்லை. காதல் கவிதையில் ஏக்கம் மேலோங்கியிருந்தால் ‘நோய்’, விழைவு மேலோங்கியிருந்தால் ‘வேட்கை’ என்பது நான் பின்பற்றும் வழக்கம். ‘வெறி’ என்ற சொல்லைக் கவிஞரே ஒருவரைப் பழிக்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, இன்றைக்கு நாம் அதிகமாகச் சந்திக்கும் பொருள். இசையும் விளையாட்டும் தொழிலும் தனக்குப் ‘பேஷன்’ என்று ஒருவர் சொன்னால், தமிழ் பேசும் வீட்டில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ‘அவருக்குப் பாட்டு என்றால் உயிர்’ என்பார்கள். ‘கிரிக்கெட் என்றால் அவனுக்குப் பைத்தியம்’ என்பார்கள். ‘சிற்பத்தில் மனத்தைப் பறிகொடுத்துவிட்டாள்’ என்பார்கள். ‘சிற்பக்கலை அவளுடைய பேரார்வமாக இருக்கிறது’ என்று எந்தத் தாயும் தன் மகளைப் பற்றிச் சொல்வதில்லை. எழுத்து நடை வேண்டும் இடத்தில் ‘ஈடுபாடு’ என்ற சொல் என்னைப் பொறுத்தவரை முதல் தேர்வு. அதிலும் பாடு இருக்கிறது என்பது மட்டும் காரணமன்று. ஆழ்வார்கள் இறைவனின் வடிவழகில் தம்மை இழந்து நின்றதைச் சொல்ல வைணவ உரையாசிரியர்கள் ஈடுபடுதல் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால், தன்னை விட்டுக்கொடுக்கும் ஆழம் அதில் ஊறியிருக்கிறது. வேலைவாய்ப்பு விளம்பரங்களிலும் நிறுவன அறிமுகங்களிலும் வரும் ‘பேஷனேட்’ என்ற அடைமொழிக்கு இவ்வளவு பெரிய சொற்கள் தேவையில்லை; அங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் ‘அக்கறை’தான். ‘வாடிக்கையாளர் நலனில் எங்களுக்கு மிகுந்த அக்கறை உண்டு’ என்று எழுதினால் வாக்கியம் நேர்மையாகவும் இருக்கும், தமிழாகவும் இருக்கும்.

ஒரு பழத்தின் பெயரையும் சொல்லியாக வேண்டும். பேஷன் ஃபுரூட் என்ற பெயரைக் கேட்டதும் காதலுணர்வைத் தூண்டும் பழம் என்று விளக்கம் எழுதிவிடுகிறார்கள். அது முற்றிலும் பிழை. தென்னமெரிக்காவில் அந்தக் கொடியின் பூவைக் கண்ட ஸ்பானிய மறைப்பணியாளர்கள், அதன் இழைவட்டத்தை முள்முடியாகவும், மூன்று சூல்முடிகளை மூன்று ஆணிகளாகவும், ஐந்து மகரந்தப் பைகளை ஐந்து காயங்களாகவும் கண்டு, அதைப் பாடுகளின் பூ என்று அழைத்தார்கள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் சூட்டிய ‘பாஸிஃப்ளோரா’ என்ற தாவரப் பெயரின் பொருளும் அதுவே. இலங்கைத் தமிழர்கள் இதைக் கொடித்தோடை என்கிறார்கள். கொடைக்கானல் பக்கத்தில் தாட்பூட் பழம் என்ற பெயர் வழங்குகிறது. சமையற்குறிப்பு என்றால் இவற்றில் ஒன்றை எழுதினால் போதும்.

வேர் தெரிந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் ஒரு குழியில் விழவும் வாய்ப்பு உண்டு. ‘கம்பேஷன்’ என்ற சொல்லில் ‘கம்’ என்பது உடன், ‘பேஷன்’ என்பது பாடு. ஆகவே உடன்பாடு என்று எழுதத் தோன்றும். தமிழில் உடன்பாடு என்றால் இசைவு, ஒப்பந்தம். பிறர் படும் துன்பத்தை உடனிருந்து படுவதற்கு நம் சொல் பரிவு, இரக்கம். வியப்பு என்னவென்றால், அதே வேரிலிருந்து கிளைத்த ‘கம்பாட்டிபிள்’ என்ற சொல்லுக்கு ‘உடன்படக்கூடிய’ என்பது அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஒரே வேரில் கிளைத்த இரண்டு சொற்களில் ஒன்றுக்குப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போகிறது. எனவே வேர் காட்டும் சொல்லை வழக்கில் வைத்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

எதிர்ச்சொல்லான ‘டிஸ்பேஷனேட்’ கடைசியாக நிற்கிறது. இதை ‘உணர்ச்சியற்ற’ என்று பெயர்ப்பவர்கள், தீர்ப்பு எழுதும் நீதிபதியையும் ஆய்வுரை எழுதும் அறிஞரையும் கல்லாக்கிவிடுகிறார்கள். அந்த ஆங்கிலச் சொல் உணர்ச்சி இல்லாதவரைக் குறிப்பதன்று, உணர்ச்சி தன் முடிவை வளைக்க விடாதவரைக் குறிப்பது. ‘விருப்பு வெறுப்பின்றி’ என்பது பொதுவான உரைநடைக்குப் போதும். நூலின் நடை இடங்கொடுத்தால், வெறுப்பும் மகிழ்ச்சியும் குறுக்கிடாமல் ஒரு பொருளை ஆராய்வதைப் பற்றி நம் அறநூல்கள் பேசும்போது எடுத்தாண்ட ‘காய்தல் உவத்தல் அகற்றி’ என்ற தொடரை வைத்துப் பாருங்கள்.